ஏன் அழுகிறாய் என்று கேட்பதே தருமம்



பஞ்சசீலத்தின் முதற்சீலத்தைக் குழந்தைகளுக்கு எவ்வாறு போதிக்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. எறும்பை மிதிக்காதே என்கிறோம். தும்பியின் வாலில் நூல் கட்டாதே என்கிறோம். தெருநாயின்மேல் கல்லெறியாதே என்கிறோம். குழந்தையும் அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறது. அதே குழந்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் அமர்ந்துள்ள திக்குவாய்ப் பையனைப்போல் பேசிக் காட்டி வகுப்பு முழுவதையும் சிரிக்க வைக்கிறது. எறும்புக்குக் கிடைத்த கருணை அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. உயிரைப் பறிப்பது மட்டுமே இம்சை என்று குழந்தை எண்ணிக்கொண்டது. உயிரை நடுங்கச் செய்வதும் இம்சையே என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. வலிய குழந்தை எளிய குழந்தையைத் துன்புறுத்துவது என்பது என்ன? அதனைச் சிறுவர்களுக்கு எப்படி உணர்த்துவது? எப்படித் தடுப்பது? இதனைப் பள்ளி ஆசிரியரின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. இது விநயத்தைச் சேர்ந்தது, சீலத்தைச் சேர்ந்தது, நம் இல்லறத்தைச் சேர்ந்தது.

கல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தை அறியாத தமிழர் வங்கத்தில் இல்லை. வேலை தேடி வடக்கே வந்த தென்னாட்டார் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் இடம் அது. ராஷ்பிகாரி அவென்யூவின் இருமருங்கிலும் வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கட்டிய பூவும் விற்கும். காலையில் காப்பியின் மணம் எழும். அப்பால் நடந்தால், 1958 முதல் ரவீந்திர சரோவரம் எனப் பெயர் பெற்ற பெரிய ஏரி. அந்த ஏரிப் பக்கத்தில், ஜப்பானிய பிக்ஷு நிச்சிதத்சு ஃபுஜி நிறுவிய சங்கத்தைச் சேர்ந்த புத்தர் கோயில் இருக்கிறது. மாலையில் அங்கே முரசொலி கேட்கும். ஏரிக்கரையில் குழந்தைகள் விளையாடும்.

அந்தக் குழந்தைகளுள் நம் குழந்தைகளும் உண்டு. வீட்டில் தமிழும், தெருவில் வங்காளமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்கின்றன. தென்னாட்டார் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வடநாட்டில் நெடுங்கால வழக்கம். அச்சொல்லைச் சிலர் அன்பாகவும் சொல்வர். சிலர் நகையாகவும் சொல்வர். வங்கச் சொல்லைத் தமிழ்நாவால் உச்சரித்த குழந்தையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால், அக்குழந்தை மறுநாள் வாய் திறக்க அஞ்சும். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவன் ஓடினால், அக்குழந்தை மறுநாள் பட்டினியாகவே வீடு திரும்பும். தாய் கேட்டால், ‘பசியில்லை அம்மா’ என்று சொல்லும்.

ஆயினும் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அயலார் சிரிக்கும்போது புண்படுகின்ற நம்மவரே, ஏரிக்கரையில் தமிழ்க் குழந்தைகள் கூடி விளையாடும்போது, ‘நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள்?’ என்று துருவிக் கேட்கும் பெரியவர்களைக் காண்கிறோம். அந்தக் கேள்வியின் உட்கருத்து ஆறு வயதுக் குழந்தைக்கும் புரிகிறது. ஆகவே துன்புறுத்துபவன் எங்கோ அயலிடத்தில் இருப்பவன் என்று எண்ணற்க. இன்று துன்புறுகின்ற குழந்தை நாளைத் தன்னினும் இளைய குழந்தையைத் துன்புறுத்தக்கூடும்.

விளையாட்டும் வதையும்

குழந்தைகள் சண்டையிடாமல் வளர்வதில்லை. பம்பரத்துக்காக இருவர் அடித்துக்கொள்வர். அரை நாழிகையில் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு திரிவர். அதனைப் பெரிதாக்குதல் வேண்டா. எது விளையாட்டு, எது சண்டை, எது வதை என்று பிரித்தறிவதற்கு மூன்று கேள்விகள் போதும். இருவரும் சிரிக்கிறார்களா, ஒருவர் மட்டுமே சிரிக்கிறாரா? இருவரும் ஒத்த வலிமை உடையவர்களா, ஒரு பக்கம் உயரமும் வயதும் கூட்டமும் சேர்ந்திருக்கின்றனவா? ஒருமுறை நடந்து முடிந்ததா, நாள்தோறும் தொடர்கிறதா? ஒருவர் அழ மற்றவர் சிரிப்பதும், வலியவர் எளியவர்மேல் செய்வதும், மீண்டும் மீண்டும் நடப்பதும் வதையாகும். நார்வே நாட்டில் டான் ஓல்வேயஸ் என்ற உளநூலறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து கூறிய இலக்கணமும் இதுவே: வேண்டுமென்றே செய்தல், திரும்பத் திரும்பச் செய்தல், வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல். இந்த மூன்று கேள்விகளையும் ஆறு வயதுக் குழந்தைக்கும் கற்பிக்கலாம். விரல்விட்டு எண்ணி அது மனத்தில் வைத்துக்கொள்ளும்.

விநயபிடகம் கூறும் செய்தி

பள்ளிகளும் கல்லூரிகளும் ஏற்பட்ட பின்னரே இக்கொடுமை தோன்றியது என்று சிலர் நினைக்கின்றனர். அது பிழை. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன், பகவான் புத்தருடைய சங்கத்திலேயே இது தலைகாட்டியது. விநயபிடகம் அதனை மறைக்கவில்லை; நாள்குறிப்புப்போல் விரித்துரைக்கிறது.

சங்கத்தில் அறுவர் குழுவினர் என்ற பிக்ஷுக்கள் இருந்தனர். அடங்காதவர்கள், எந்த விதியின் வரலாற்றைப் புரட்டினாலும் அவர்கள் பெயர் வந்து நிற்கும். பதினெழுவர் குழுவினர் என்று மற்றொரு கூட்டமும் இருந்தது. அவர்கள் உபாலி என்னும் சிறுவனும் அவன் தோழர்களும்; இளம்பருவத்திலேயே துறவு பூண்டவர்கள். இவ்விரு குழுக்களுக்கும் இடையே நடந்தவற்றைக் கேளுங்கள்.

பதினெழுவர் மழைக்காலத்தில் தங்குவதற்கென ஒரு பெரிய விகாரையைப் பழுது பார்த்தனர். வேலை முடியும்வரை காத்திருந்த அறுவர், முடிந்தவுடன் சினந்து வந்து அவர்களை வெளியே தள்ளிவிட்டு அவ்விடத்தைக் கைக்கொண்டனர். பதினெழுவரின் பாத்திரத்தையும் சீவரத்தையும் எடுத்து ஒளித்து வைத்தனர். அச்சங் காட்டி அலற வைத்தனர். அடித்தனர், கை ஓங்கினர். ‘இருபது வயது நிரம்பாதவனுக்கு உபசம்பதை செல்லாதே; நீங்கள் வயது நிரம்பாதவர்களாயிருந்தால் என்ன ஆகும்?’ என்று சொல்லி, அவர்கள் மனத்தில் ஐயத்தை ஊன்றி அழ வைத்தனர். ஒரு நாள் பதினெழுவருள் ஒருவனைப் பிடித்து விரல்களால் கிச்சுக்கிச்சு மூட்டினர். சிரிப்பு மூட்டுவதுதானே என்று செய்தனர். அவன் மூச்சுவிட மாட்டாமல் அங்கேயே உயிர் துறந்தான்.

சிரிக்கச் சிரிக்க ஓர் இளம்பிக்ஷு இறந்துபோனான் என்ற இந்தச் செய்தியின் முன்னே, ‘சும்மா விளையாட்டுக்குச் செய்தோம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு? பகவான் அச்சொல்லை ஏற்கவில்லை. பிறர் பொருளை ஒளிப்பது குற்றம் என்று விதித்தபோது, கேலிக்காக ஒளித்தாலும் குற்றமே என்று சேர்த்து விதித்தார். பென்சில் பெட்டியை ஒளித்துவிட்டு, தேடுகின்ற பையனைச் சுற்றி நின்று கைதட்டும் நம் காலத்துச் சிறுவர்களுக்கு இவ்விதியைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை.

இவ்வரலாறுகளில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய மற்றொரு நுட்பமும் உண்டு. பதினெழுவர் அழுதார்கள். பிற பிக்ஷுக்கள் அவர்களை அணுகி, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். செய்தி பகவானிடம் போயிற்று. பகவான் அறுவரை அழைத்து, ‘இவ்வாறு செய்தது மெய்யா?’ என்று விசாரித்தார், மெய்யென்று கண்டபின் கண்டித்தார், விதி செய்தார். அழுத சிறுவரைப் பார்த்து, ‘பொறுமையே துறவிக்கு அணி, போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. பொறுமையைப் போதித்த வாயே எளியவர் அழும்போது விதியைப் பேசிற்று. ஏன் அழுகிறாய் என்று கேட்பதும், சொன்னதைச் செவிமடுப்பதும், விசாரிப்பதும், தடுப்பதும் ஆகிய இந்நான்கும் விநயம் காட்டும் முறை. நம் வீட்டிற்கும் பள்ளிக்கும் இதுவே முறையாதல் வேண்டும்.

சொல்லால் அடிப்பது

கையால் அடிப்பதைக் காட்டிலும் நாவால் அடிப்பதே சிறுவரிடையே மிகுதி. விநயம் அதனையும் விடவில்லை. ஒருவரை எவ்வெவற்றைச் சுட்டி இழிவுபடுத்துவர் என்று பத்து வகைகளை எண்ணிக் கூறுகிறது: பிறப்பு, பெயர், கோத்திரம், தொழில், கைவினை, நோய், உடலின் அடையாளம், மனத்தின் மாசு, செய்த குற்றம், வசைமொழி. இப்பட்டியலை ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். சோடாபுட்டி, குட்டையன், கறுப்பி, தடியன், நொண்டி. அப்பன் செய்யும் தொழில். பிறந்த சேரியின் பெயர். தேர்வில் தோற்ற குற்றம். ஒன்றும் புதிதில்லை. பத்தில் முதலாவதாகப் பிறப்பு நிற்பதையும் நோக்குக. பிறப்பைச் சுட்டி இகழ்தல் தீயது என்பது நாம் இக்காலத்தில் கண்டெடுத்த கொள்கையன்று. அது விநயத்திலேயே உள்ளது.

இவ்விதியை வகுத்தபோது பகவான் ஒரு கதை சொன்னார். குழந்தைகளுக்குச் சொல்வதற்கு இதனினும் நல்ல கதை அரிது.

தக்கசீலத்தில் ஓர் அந்தணன் நந்திவிசாலன் என்னும் எருதைக் கன்றுப்பருவம் முதல் அன்போடு வளர்த்தான். வளர்ந்த எருது அவனை நோக்கி, ‘என்னை நன்றாக வளர்த்தீர், நூறு பாரவண்டிகளைச் சேர்த்துக் கட்டினாலும் நான் இழுப்பேன், ஒரு செல்வனிடம் ஆயிரம் பொன் பந்தயம் கட்டும்’ என்றது. அவ்வாறே மணலும் கல்லும் ஏற்றிய நூறு வண்டிகள் நின்றன. அந்தணன் நுகத்தடியில் ஏறி அமர்ந்து, ‘இழு, போக்கிரியே, இழு!’ என்று அதட்டினான். எருது நான்கு கால்களையும் தூண்களைப்போல் ஊன்றி அசையாமல் நின்றது. பந்தயம் தோற்றது. துயரத்தோடு படுத்திருந்த அந்தணனிடம் எருது கேட்டது: ‘இத்தனை நாள் உம் வீட்டில் ஒரு பானையையாவது உடைத்தேனா? யாரையாவது முட்டினேனா? பின் ஏன் என்னைப் போக்கிரி என்றீர்? குற்றம் உம்முடையது. இரண்டாயிரம் பொன் கட்டும். ஆனால் என்னை அப்பெயரால் அழையாதீர்.’ மறுமுறை அந்தணன் அதன் முதுகைத் தடவி, ‘இழு, என் நல்லவனே’ என்றான். நூறு வண்டிகளும் நகர்ந்தன.

இக்கதையைச் சொல்லி முடித்தபின் குழந்தையிடம் உபதேசம் செய்யவேண்டா. ‘எருது ஏன் நின்றுவிட்டது?’ என்று மட்டும் கேளுங்கள். விடையைக் குழந்தையே சொல்லும். பிறகு, ‘உன் வகுப்பில் யாரையாவது அப்படிப் பெயர் வைத்து அழைக்கிறார்களா?’ என்று கேளுங்கள். அன்றிரவு நீங்கள் அறியாத பல செய்திகளை அறிவீர்கள்.

ஒரே இரவு

சிறு பெயரிலும் சிறு கேலியிலும் தொடங்குவது எங்கே சென்று முடியும் என்பதற்குப் பழைய நூல்களை மட்டும் தேடவேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவை நினைவு கூர்வோம்.

அன்றிரவு, லேக் மார்க்கெட்டுக்குத் தொலைவில்லாத யாதவபுரப் பல்கலைக்கழகத்தில், விடுதிக்கு வந்து சில நாட்களே ஆன ஒரு முதலாண்டு மாணவன் மாடியிலிருந்து விழுந்தான். மறுநாள் விடிவதற்குள் இறந்தான். பதினெட்டு வயது நிரம்பாதவன். மூத்த மாணவர்கள் பகடிவதை செய்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கைது செய்யப்பட்டனர். மேற்கு வங்கத்தில் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் இருந்தது; அம்மாணவனைக் காக்கும் தோழன் இல்லை.

அதே இரவில், திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனின் வீட்டிற்குள் புகுந்து, உடன் பயின்ற மாணவர்கள் அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். தன்னைச் சாதி சொல்லித் துன்புறுத்துகின்றனர் என்று பள்ளியில் அவன் உண்மையைச் சொன்னதே காரணம். அம்மாணவன் பிழைத்தெழுந்தான், 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான். இந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப்பெயர் நீங்கவேண்டும், மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக்கயிறுகளைக் கையில் கட்டலாகாது, பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில.

ஒன்று வங்கத்தில், ஒன்று தமிழகத்தில். ஒன்றில் காரணம் புதியவன் என்பது. மற்றொன்றில் பிறப்பு என்பது. இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிறக்கும்போது அரிவாளோடு பிறந்தவர்கள் அல்லர். அவர்களும் ஒரு நாள் ஆறு வயதுக் குழந்தைகளாயிருந்தவர்களே. கயிற்றின் வண்ணத்தை யாரோ அவர்களுக்குக் கற்பித்தனர். முதல் கேலிக்கு யாரோ சிரித்தனர். முதல் அழுகையை யாரோ கேளாமல் சென்றனர். பதினேழு வயதில் தடுக்கச் சட்டமும் காவல்துறையும் வேண்டியிருக்கிறது. ஆறு வயதில் தடுக்க ஒரு தாயின் மடி போதும்.

மூவருக்கும் மூன்று போதனை

வதை நிகழும் இடத்தில் மூவர் இருக்கின்றனர்: துன்புறுபவர், துன்புறுத்துபவர், பார்த்து நிற்பவர். மூவருக்கும் சொல்லவேண்டியவை வேறு வேறு.

துன்புறும் குழந்தைக்கு முதலில் சொல்லவேண்டியது, ‘இது உன் குற்றமன்று’ என்பது. சங்கத்தில் லகுண்டக பத்தியர் என்னும் தேரர் இருந்தார்; உருவத்தில் குள்ளர். இளைய சாமணேரர்கள் அவர் காதையும் மூக்கையும் பிடித்து இழுத்துக் கேலி செய்தனர் என்று உரைநூல் கூறும். பகவான் அவரைச் சங்கத்தின் முன்னே சுட்டிக்காட்டி, நீங்கள் இகழும் இவர் அடைதற்கரியதை அடைந்தவர் என்று உணர்த்தினார். சான்றோர் ஒருவர் பலர் முன்னிலையில் மதித்துப் பேசும் ஒரு சொல், நூறு கேலிகளின் நஞ்சை முறிக்கும். நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனை ‘ஆ மகன்’ என்று இகழ்ந்து, அவன் ஏந்திய பாத்திரத்தில் கல்லை இட்டனர். அவன்தான் பின்னர் அமுதசுரபியை ஏந்திப் பசித்த உலகுக்குச் சோறிட்டான். இவ்வரலாறுகளை அழும் குழந்தையின் கண்ணீரைத் துடைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘வந்து சொல்’ என்பது. பகவானை ஒரு பிராமணன் வைதபோது, விருந்தினர் ஏற்காத பண்டம் கொடுத்தவனையே சேர்வதுபோல் ஏற்காத வசையும் உன்னையே சேரும் என்று அவர் கூறிய வரலாறு நாம் அறிந்தது. அவ்வுபதேசம் மனத்திற்கு உறுதி தருவது. ஆனால் அது வாயை மூடிக்கொள்ளச் சொல்வதன்று. வசையை மனத்துள் ஏற்காதிருப்பது வேறு. நடந்ததைப் பெரியவரிடம் சொல்வது வேறு. கோள் சொல்வது பிறரைத் துன்பத்தில் மாட்டுவதற்காக. முறையிடுவது ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்பதற்காக. இந்த வேறுபாட்டைக் குழந்தை அறியவேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் செவி கிடைக்காத குழந்தைக்கு 1098 என்ற உதவித் தொலைபேசி எண் உண்டு என்பதையும் கற்பியுங்கள். ‘நீயும் திருப்பி அடித்துவிட்டு வா’ என்பது எளிதான உபதேசம். மெலிந்த குழந்தையால் அது இயலாது. இயன்றால் வதைப்போர் தொகையில் ஒன்று கூடும்.

துன்புறுத்தும் குழந்தையை அடித்துத் திருத்த நினையாதீர். வீட்டில் வலியவன் எளியவனை அடிக்கலாம் என்று கற்ற குழந்தையே பள்ளியில் அதனை ஒப்பிக்கிறது. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்துள்ளது. நம் இல்லங்களுக்கு அச்சட்டம் வந்து சேரும்வரை காத்திருத்தல் வேண்டா. அக்குழந்தையைப் ‘போக்கிரி’ என்றும் அழையாதீர். நந்திவிசாலன் நின்றதுபோல் அதுவும் அப்பெயரிலேயே நின்றுவிடும். பகவான் தம் புதல்வன் ராகுலனுக்கு உபதேசித்த முறையைக் கைக்கொள்ளுங்கள். அப்போது ராகுலனுக்கு ஏழு வயது என்பது உரைமரபு. கண்ணாடி எதற்கு என்று பகவான் கேட்டார். பார்த்துக்கொள்வதற்கு என்றான் ராகுலன். அதுபோல் ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் பார்த்துக்கொள். அது உனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமாயின் செய்யாதே, செய்துகொண்டிருந்தால் நிறுத்து, செய்துவிட்டிருந்தால் பெரியோரிடம் மறைக்காமல் சொல் என்பது அவ்வுபதேசத்தின் சாரம். தண்டனைக்கு அஞ்சும் குழந்தை மறைக்கும். மறைக்காமல் சொன்னால் மன்னிப்பும் திருத்தமும் உண்டு என்று அறிந்த குழந்தை சொல்லும். பின், தான் ஒளித்ததைத் தானே தேடிக் கொடுக்கவும், தான் கிழித்ததைத் தானே ஒட்டிக் கொடுக்கவும் செய்யுங்கள்.

பார்த்து நிற்கும் குழந்தைகளே தொகையில் மிகுதி. அவர்கள் சிரித்தால் வதை வளரும். திரும்பி நடந்தால் வதை வாடும். பின்லாந்து நாட்டில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் வகுத்த ‘கிவா’ என்னும் பள்ளிமுறை, பார்த்து நிற்போரை மாற்றுவதையே தன் அடிப்படையாகக் கொண்டுள்ளது. பகவான் பார்த்துக்கொண்டு கடந்து போனவரல்லர். சாவத்திக்கும் ஜேதவனத்துக்கும் இடையே ஒரு நீர்நிலையில் சிறுவர்கள் மீன்களை வதைத்துக்கொண்டிருந்தனர். பிக்ஷைக்குச் செல்லும் வழியில் பகவான் நின்றார், அச்சிறுவர்களை அணுகினார். உங்களுக்குத் துன்பம் என்றால் அச்சமா, துன்பம் உங்களுக்குப் பிடிக்காதா என்று கேட்டார். ஆம் என்றனர். உங்களுக்குப் பிடிக்காததைப் பிற உயிருக்குச் செய்யாதீர் என்று உணர்த்தினார். உலகுக்கு ஆசானாயிருந்தவர் குளக்கரைச் சிறுவர்களுக்காக நின்றார் என்றால், வேலைக்கு விரையும் நமக்கு நிற்க நேரமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

பார்த்து நிற்கும் குழந்தைக்கு மூன்று செயல்களைக் கற்பியுங்கள்: சிரிக்காதே, துன்புறுபவன் பக்கத்தில் போய் உட்கார், பெரியவரைக் கூப்பிடு. வலியவனோடு போராடும்படி சொல்லவேண்டா. பக்கத்தில் போய் உட்காருவது சிறு குழந்தைக்கும் இயலும். தனித்திருப்பவனுக்கு அதுவே சரணமாகும்.

நம் கடமை

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, வகுப்பில் தனியே ஒரு கோணிப்பையை விரித்து அமர்ந்தார்; அக்கோணியை நாள்தோறும் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். குழாயைத் தொட அவருக்கு உரிமையில்லை. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் இல்லை. சேவகன் வராத நாளில் தாகத்தோடிருந்தார். இதனை அவரே எழுதியிருக்கிறார். ஒரு குழந்தையை மற்றொரு குழந்தை வதைத்ததன்று அது. ஒரு பள்ளியே, ஒரு சமூகமே ஒரு குழந்தையை வதைத்தது. அக்குழந்தை வளர்ந்து 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு தம்மத்தைத் தழுவியது. அதற்கு முன்பே, 1898-இல், பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கித் தமிழருக்கு இவ்வழியைத் திறந்தார். இவர்கள் நமக்குத் தந்தது இழிவை மறுக்கும் துணிவு. அதனோடு இழிவு செய்யாதிருக்கும் சீலமும் சேர்ந்தே வந்தது. கோணிப்பையின் வரலாற்றை அறிந்த வீட்டில் வளரும் குழந்தை, வகுப்பில் தனியே அமர்த்தப்பட்ட ஒருவனைக் கண்டால் முதலில் எழுந்து அவனருகே செல்லவேண்டும். நாம் தம்மம் தழுவியதன் பயனை அங்கே காணலாம்.

ஆகவே வீடுதோறும் இவற்றை மேற்கொள்வோமாக. மாலையில் குழந்தை வந்ததும், எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன், இன்று யாரோடு சாப்பிட்டாய், யார் தனியாக இருந்தார்கள் என்று கேட்போம். குழந்தை காதுகேட்க வேலைக்காரியையோ அண்டை வீட்டாரையோ அயல்மொழியாரையோ பட்டப்பெயரால் பேசாதிருப்போம். ஞாயிற்றுக்கிழமை வந்தனைக்குப் பின் குழந்தைகளை வட்டமாக அமர்த்தி, பதினெழுவர் கதையையும் நந்திவிசாலன் கதையையும் நடிக்கச் செய்வோம். எருதாக நடித்த குழந்தையிடம், போக்கிரி என்று கேட்டபோது எப்படியிருந்தது என்று கேட்போம். பள்ளியில் குறை நேர்ந்தால் கூச்சலிடாமலும் கூசி ஒதுங்காமலும் நாளும் நிகழ்ச்சியும் குறித்துக்கொண்டு தலைமையாசிரியரைச் சென்று காண்போம். ஒரு குழந்தை திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தாலும், காரணமின்றி வயிற்றுவலி என்றாலும், பொருள்கள் அடிக்கடி தொலைந்தாலும், சோம்பல் என்று அதட்டாமல் அருகில் உட்கார்வோம்.

அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. ஜேதவனத்தில் முதிய பிக்ஷுக்கள் இளையோரைக் கேட்ட கேள்வி அது. ஏரிக்கரையிலும், பள்ளி வாயிலிலும், நம் அடுக்களையிலும் அதனைக் கேட்கப் பழகுவோம். எந்தக் குழந்தையும் மற்றொரு குழந்தையைக் கண்டு நடுங்காதிருப்பதாக. எந்தக் குழந்தையும் பிறர் கண்ணீரில் மகிழாதிருப்பதாக. அனைத்துக் குழந்தைகளும் அச்சமின்றிக் கற்று, அன்போடு வளர்ந்து, நலமுறுவனவாக.

சாது! சாது! சாது!